கடல் தாண்டிய தமிழர் பேரவையின் ஒரே உறுப்பினர்

மருந்துப் புட்டிகளின் மூடி சரியாக மூடுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். புட்டியைக் கவிழ்ப்பார், குலுக்குவார், காதருகே வைத்து ஆட்டுவார். ஒரு சொட்டு கசிந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். வருஷக்கணக்காக இதையே செய்து வந்ததால் கம்பெனியில் அவருக்கு மூடி சார் என்றே பெயர் நிலைத்துப்போனது. புட்டி விஷயத்தில் அவ்வளவு கறாரான மனிதருக்கு, மனிதர்கள் விஷயத்தில் மட்டும் ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. மத்திய ஆசியாவில் ஒரு நாட்டில் புதிதாகத் தொழிற்சாலை தொடங்குகிறோம், இரண்டு வருஷம் போய் இருந்துவிட்டு வாருங்கள் என்று மேலாளர் கேட்டபோது, “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டார். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துதான் தேடினார்.

மனைவி உலகப் படத்தின் மேல் விரலை வைத்து நாலா பக்கமும் நகர்த்திப் பார்த்தாள்.

“என்னங்க இது, எந்தப் பக்கம் போனாலும் நீலமே வரலை?”

“நடுவுல இருக்கிற நாடும்மா. கடல் கிடையாது.”

“கடல் வேணாம். குளிர் எப்படி?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“சரி, வர்றேன். ஆனா ஒண்ணு. குளிர் தாங்கலைன்னா நான் பாட்டுக்கு விமானம் ஏறிடுவேன். அப்புறம் தனியா விட்டுட்டுப் போயிட்டாள்னு ஊர்ல போய்ச் சொல்லக் கூடாது.”

“சரி” என்றார் மூடி சார்.

விமான நிலையத்தில் கம்பெனி வண்டிதான் காத்திருக்கும் என்று நினைத்து வெளியே வந்தார்கள். வண்டி இருந்தது. ஆனால் அதை மறைத்துக்கொண்டு நீளமான ஒரு துணிப் பதாகை நின்றது. ‘கடல் தாண்டிய தமிழர் பேரவை உங்களை வருக வருக என வரவேற்கிறது.’ பதாகைக்குப் பின்னால் பதினொரு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். முன்னால் ஒருவரும் இல்லை.

“வந்துட்டாரு! உறுப்பினர் வந்துட்டாரு!” என்று நடுவில் நின்றவர் கூவினார். கோட்டு, கழுத்துப் பட்டை, நல்ல வெண்மையான பற்கள். அவர்தான் பேரவையின் தலைவர். அந்த ஊரிலேயே பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் படுத்திருப்பவர்களிடமே காலமெல்லாம் பேசிப் பழகியவர்.

“நான் இன்னும் எதுலயும் சேரலைங்களே” என்றார் மூடி சார், தள்ளுவண்டியைப் பிடித்தபடி.

“சேர்த்தாச்சு. உங்க பேர் கம்பெனில தெரிஞ்ச அன்னைக்கே சேர்த்தாச்சு. நீங்க வானத்துல பறக்கும்போதே உறுப்பினர்!”

அங்கேயே, சாமான் ஏற்றும் இடத்தில், வரவேற்புரை தொடங்கியது. பிறகு வாழ்த்துரை. பிறகு இன்னொரு வாழ்த்துரை. மூடி சாருக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு பளபளக்கும் சால்வை போர்த்தினார்கள். காற்று அந்தச் சால்வையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நிம்மதியாக வெளியே போயிற்று. வண்டியோட்டி மூன்று தடவை ஒலி எழுப்பினார். ஒவ்வொரு தடவையும் தலைவர், “கைதட்டலுக்கு நன்றி” என்றார்.

கம்பெனி கொடுத்த வீடு நாலாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பெரிய சன்னல்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே பட்டை பட்டையாக இரும்புக் குழாய் பொருத்தியிருந்தது. நகராட்சியே ஓரிடத்தில் வெந்நீர் காய்ச்சிக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புமாம், அந்தச் சூட்டில்தான் குளிர்காலத்தை ஓட்ட வேண்டுமாம். எல்லோரும் அதை ஹீட்டர் என்றார்கள். மனைவி கையைக் கழுவியதும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. சமையலறையிலும் ஜில். படிக்கட்டில் இறங்கி அங்கே இருந்த குழாயைத் தொட்டாள். கை சுட்டது.

“வழியெல்லாம் சூடு, நம்ம வீட்ல மட்டும் இல்ல” என்றாள் மூச்சு வாங்க.

வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருந்தார். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். தொழிற்சாலையில் மூடி சார் கட்டைவிரலை உயர்த்தினால் மூடி நல்ல மூடி, தாழ்த்தினால் கெட்ட மூடி. வேலைக்கு அது போதுமாக இருந்தது. ஹீட்டருக்கு எந்த விரலைக் காட்டுவது என்று தெரியவில்லை. தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“நல்ல வேளை என்கிட்ட சொன்னீங்க!” என்றார் தலைவர். “நீங்களா போய் யார்கிட்டயும் கேட்டுடாதீங்க. உறுப்பினர் நேரா உதவி கேட்டு, அது நேரா கிடைச்சுட்டா, அப்புறம் பேரவை எதுக்கு? ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. வாங்க.”

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கில். மேடையில் பதினொரு நாற்காலி. ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர்ப்பலகை, பூ, தண்ணீர்ப் புட்டி. கீழே அரங்கம் நிறைய நாற்காலிகள். அவற்றில் முதல் வரிசையில் இரண்டில் மூடி சாரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். மற்றவை காலியாக இருந்தன.

“மத்தவங்கல்லாம் எப்ப வருவாங்க?” என்று மனைவி காதோரம் கேட்டாள்.

“தெரியலையே.”

கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒலிபெருக்கியை மூன்று தட்டுத் தட்டிவிட்டுத் தலைவர் எழுந்தார். ஆறடித் தூரத்தில் இருந்த இரண்டு பேருக்காக அவருடைய குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

“அரங்கம் நிறைந்த பெருங்கூட்டமே! மேடையின் வலப்புறம் வீற்றிருப்போரே, இடப்புறம் வீற்றிருப்போரே, எனக்குப் பின்புறம் வீற்றிருப்போரே! எதிரில் வீற்றிருக்கும்... உறுப்பினரே! அவரது துணைவியாரே! நமது பேரவையில் பதவிக்கு ஆசைப்பட்டு ஒருவர்கூட வந்ததில்லை. அதனால்தான் அனைவருக்கும் பதவி கொடுத்திருக்கிறோம். தொண்டாற்றவே நாம் கூடியிருக்கிறோம். யாருக்குத் தொண்டாற்றுவது என்ற கேள்வி நீண்ட நாளாக நம்மை வாட்டி வந்தது. இன்று அந்தக் குறை நீங்கியது!”

பதினொரு பேரும் மூடி சாரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவரும் பதிலுக்குத் தட்டினார். அவர் நிறுத்துமுன் தாங்கள் நிறுத்தினால் மரியாதை இல்லை என்று அவர்கள் நிறுத்தவில்லை, அவர்கள் நிறுத்தாமல் தான் நிறுத்துவது மரியாதை இல்லை என்று அவரும் நிறுத்தவில்லை. கடைசியில் மனைவிதான் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

தேநீர் இடைவேளையில் சட்ட ஆலோசகர் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு தோல் கம்பெனியில் சரக்கு அனுப்புகிறவர். பேரவையின் விதிகள் முழுவதும் மனப்பாடம்.

“ஏங்க, வேற உறுப்பினரே கிடையாதா?” என்று மூடி சார் மெதுவாகக் கேட்டார்.

“இருந்தாங்க சார். கூட்டத்துக்கு ஒழுங்கா வந்தாங்க. ஒழுங்கா வர்றவங்களுக்கு ஒரு மரியாதை செய்ய வேணாமா? ஒவ்வொருத்தரா மேடைல ஏத்திட்டோம். கடைசில பாத்தா கீழ ஆளே இல்ல. கீழ ஒரு உறுப்பினராவது இல்லைன்னா பேரவையே செல்லாதுன்னு விதி இருக்கு.”

“அப்ப நானும் ஒழுங்கா வந்தா?”

சட்ட ஆலோசகரின் முகம் வெளுத்தது. “வாங்க சார். கண்டிப்பா வரணும். ஆனா ரொம்ப ஒழுங்கா வராதீங்க.”

இடைவேளைக்குப் பிறகு ஹீட்டர் விவகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். பேரவையின் செயலாளர், கணக்கு டீச்சராக இருக்கும் அம்மையார், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். “உறுப்பினர் இல்லத்து ஹீட்டர் குளிர்ந்து கிடப்பதை இப்பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது. உடனடியாகச் சூடாகுமாறு கேட்டுக்கொள்கிறது. ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்.”

மூடி சார் கையை உயர்த்தினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு சால்வை போர்த்தி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் ஹீட்டர் மீட்புக் குழு வீட்டுக்கு வந்தது. குழு என்றால் பதினொரு பேரும்தான். யாரையும் விட்டுவிட்டால் மனவருத்தம் வருமாம். வரிசையாக நின்று ஒவ்வொருவராக ஹீட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். செயலாளர் அம்மையார் புறங்கையால் தொட்டு, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

“குளிர்ச்சியா இருக்குங்கறது நிரூபணம் ஆயிடுச்சு” என்றார் சட்ட ஆலோசகர்.

“அதுதானே நாங்களும் சொன்னோம்?” என்றாள் மனைவி.

“நீங்க சொன்னது புகார்மா. நாங்க சொல்றது அறிக்கை.”

ஹீட்டரோடு சேர்த்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் சன்னலோரம் நின்று பத்தே பத்து நிமிஷம் பேசுவதாகச் சொல்லித் தொடங்கினார். “வெப்பம் என்றால் என்ன? அது குழாயில் வருவதா? இல்லை! உள்ளத்தில் வருவது! ஒரு தமிழன் இன்னொரு தமிழனைப் பார்த்ததும் பிறக்கும் அந்த வெப்பத்துக்கு முன்னால் இந்த இரும்பு எம்மாத்திரம்!” பேசி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த வெந்நீர் ஆறி, மறுபடி காய்ச்சி, மறுபடி ஆறிப்போனது. போகும்போது அவர் வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, “அப்பப்பா, உங்க வீட்ல என்ன சார் இப்படிக் குளிருது!” என்றார்.

ஞாயிறு தவறாமல் கூட்டம் நடந்தது. தவறாமல் சால்வை வந்தது. மனைவி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு படுத்தாள். பச்சை, சிவப்பு, ஜரிகை. பார்க்கத் தேர் மாதிரி இருந்ததே தவிர, உள்ளே பல் தந்தியடித்தது.

“இந்த வாரம் போகும்போது ஒரு கம்பளி கேட்டுப் பாருங்களேன்.”

“எப்படிம்மா கேக்கறது? அவங்க மரியாதை செய்றாங்க.”

“கம்பளில மரியாதை செய்யக் கூடாதா?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் கடல் பிரச்சினை வெடித்தது. பேரவையின் பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில், அலுவலகத்து எழுத்தர் பெயரைப் படித்துவிட்டு, “உங்கள் ஊரிலிருந்து இங்கே வருவதற்கு எந்தக் கடலைத் தாண்டினீர்கள்?” என்று சும்மா ஆவலுக்குக் கேட்டாராம். சட்ட ஆலோசகரால் பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் அதைத் தெரிவித்தார்.

செயலாளர் அம்மையார் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். “நான் ஆரம்பத்துலயே சொன்னேன். வர்ற வழி பூரா மலைதான். மலை தாண்டிய தமிழர் பேரவைன்னு மாத்துங்க.”

“தமிழன் என்றாலே கடல்தானம்மா!” என்றார் தலைவர். “கடல் என்பது தண்ணீர் இல்லை, அது ஒரு மனநிலை.”

“மனநிலைல நீச்சல் அடிக்க முடியுமா?”

மேடை இரண்டுபட்டது. பெயர்ப்பலகைகள் கீழே விழுந்தன. நடுநிலையான சாட்சி வேண்டும் என்று யாரோ சொல்ல, பதினொரு தலைகளும் ஒரே சமயத்தில் மூடி சார் பக்கம் திரும்பின.

“உறுப்பினரே! மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. விமானத்துல வரும்போது கீழ என்ன பாத்தீங்க?”

மூடி சார் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். “நான் தூங்கிட்டேங்க.”

“பாத்தீங்களா!” என்று தலைவர் துள்ளினார். “கடல் மேல பறந்தாத்தான் அப்படித் தூக்கம் வரும். தாலாட்டு!”

“மலை மேல பறந்தாத்தான் காது அடைக்கும். காது அடைச்சாத்தான் தூக்கம் வரும்” என்றார் அம்மையார்.

மனைவியைக் கேட்டார்கள். “நான் ரெக்கையை மட்டும்தான் பாத்தேன், கழண்டு விழுந்துடுமோன்னு” என்றாள் அவள்.

அன்றைக்கே பேரவை உடைந்தது. தலைவரையும் சேர்த்து ஐந்து பேர் கடல் தாண்டியவர்களாக நின்றார்கள். அம்மையாரையும் சேர்த்து ஐந்து பேர் மலை தாண்டியவர்களாகப் போனார்கள். சட்ட ஆலோசகர் சட்டம் எல்லோருக்கும் பொது என்று சொல்லி இரண்டிலும் இருந்தார். கீழே உட்கார மட்டும் இரண்டு பேரவைக்கும் சேர்த்து ஒரே ஆள்தான்.

இரண்டு பேரவைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே நாளில், ஒரே நேரத்தில், எதிரெதிர் அறைகளில் கூட்டம் போட்டன. மூடி சாரை யாருடைய கூட்டத்துக்கு அனுப்புவது என்று பேசிப் பார்த்து முடிவுக்கு வராததால், நடைவழியில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தார்கள். வலது காதில் கடல், இடது காதில் மலை. வலப்புறம் ஒரு கைதட்டல், இடப்புறம் ஒரு கைதட்டல். “இந்த எழுச்சியைப் பாரீர்!” என்று இரண்டு அறையிலிருந்தும் அவரையே சுட்டிக்காட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. மறுநாள் தொழிற்சாலையில் மூடிகளை எல்லாம் அவர் சாய்வாகத்தான் பார்த்தார். நல்ல மூடிகளே கோணலாகத் தெரிந்ததால் நாலு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறம் வெட்கத்தோடு தானே போய் மீட்டு வந்தார்.

ஹீட்டர் என்னவாயிற்று என்று அவர் தலைவரைக் கேட்டார்.

“அது இப்ப தொடக் கூடாத விஷயம் சார்” என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். “நான் சரி பண்ணினா மலைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அவங்க சரி பண்ணிட்டா பேர் அவங்களுக்குப் போயிடும். அதனால இருக்கிற நிலைமையிலயே இருக்கட்டும்.”

அம்மையாரைக் கேட்டார். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரவையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

முதல் பனி விழுந்த காலை அது. சன்னலுக்கு வெளியே மரம், வண்டி, குப்பைத் தொட்டி எல்லாம் வெள்ளையாக நின்றன. மனைவி அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டிலில் திறந்து வைத்தாள். புடவைகளை மடித்து அடுக்கினாள். விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்ததால் மடிப்பு சரியாக விழவில்லை. சால்வைகளை ஓரமாக ஒதுக்கினாள்.

“நான் அப்பவே சொல்லிட்டேன்” என்றாள்.

மூடி சார் வாசலில் காலணியோடு நின்றார். போகாதே என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. இந்தக் குளிரில் இரு என்று எந்த வாயால் சொல்வது?

“சாயந்திரம் வந்து பேசலாமா?” என்றார்.

“கூட்டத்துல வச்சுப் பேசுங்க.”

அவர் வேலைக்குப் போனார். பகல் முழுதும் புட்டியைக் காதருகே ஆட்டும்போதெல்லாம் பெட்டி மூடும் சத்தமே கேட்டது.

மனைவி புடவைகளை அடுக்கி முடித்துப் பெட்டியை மூடப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை, தாழ்ப்பாளை அழுத்த முடியவில்லை. அழுத்த ஓர் ஆள் வேண்டும் என்றுதான் படியிறங்கினாள். மூன்றாவது மாடி வீட்டு அம்மாள் வாளியும் துடைப்பமுமாக வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல ஆகிருதி, இடுப்பில் இரண்டு கையும் வைத்தால் படிக்கட்டே அடைபடும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மனைவி தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். பெட்டி என்று எப்படிச் சைகை செய்வது என்று யோசிப்பதற்குள், அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, “ச்சு, ச்சு” என்றாள். உலகத்தில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற சத்தம் அது. உடனே மேலே ஏறினாள். யாரும் அழைக்காமலே உள்ளே நுழைந்தாள். ஹீட்டரைத் தொட்டாள். முகம் மாறியது. படிக்கட்டுக்குப் போய்க் கீழ்நோக்கிக் கட்டடமே அதிர ஒரு குரல் கொடுத்தாள்.

கீழிருந்து கையில் சாவியோடு அந்தக் கட்டடத்தின் குழாய்க்காரர் ஏறி வந்தார். ஹீட்டரின் ஓரத்தில் ஒரு திருகைத் திருப்பினார். உஸ் என்று காற்று வெளியேறியது, கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் கிண்ணத்தில் கொட்டியது, குழாய்க்குள் ஏதோ கடகடவென்று ஓடியது. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். உரை எதுவும் நிகழ்த்தவில்லை.

மூடி சார் சாயந்திரம் பயந்து பயந்து கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. மூக்குக்கண்ணாடி பனித்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தால், மனைவி ஹீட்டரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே கீழ்வீட்டு அம்மாள். நடுவில் தேநீர். இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவரவர் இடத்தில் சிரித்தார்கள்.

பெட்டி இன்னும் கட்டிலில்தான் இருந்தது. காலியாக. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னங்க?” என்றாள் மனைவி.

“கண்ணாடில ஆவி.”

செய்தி பேரவைகளுக்கு எட்டியது. கடலும் மலையும் அன்றிரவே ஒன்றாயின. ஒழுங்கு நடவடிக்கைக்கான அவசரப் பொதுக்குழு கூடியது. இரண்டு பேரவையின் பதவிகளும் ஒரே மேடையில் ஏற வேண்டியிருந்ததால் இடம் போதவில்லை. சட்ட ஆலோசகருக்கு மட்டும், இரண்டுக்கும் ஆலோசகர் என்பதால், இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் நடுவில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் எழுந்தார். “உறுப்பினரே! உங்களுக்குக் குளிர்ந்தது என்றால் அது உங்கள் குளிர் அல்ல, பேரவையின் குளிர்! நாங்கள் தீர்மானம் போட்ட குளிர்! குழு அமைத்த குளிர்! அதைப் போக்கிக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?”

“எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார் அம்மையார். “நாங்க இன்னும் பத்து வருஷத்துக்கு இதை வச்சுப் போராடியிருப்போமே!”

நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார்கள். ஒருவரை நீக்குவதென்றால் உறுப்பினர்கள்தான் வாக்களிக்க வேண்டும், நிர்வாகிகள் வாக்களிப்பது நியாயமில்லை என்று சட்ட ஆலோசகர் விதியைச் சொன்னார்.

“தீர்மானத்தை ஆதரிக்கும் உறுப்பினர்கள் கையை உயர்த்தலாம்.”

மூடி சார் மேடையைப் பார்த்தார். பதினொரு பேரும், மனிதர் மன்னிப்புக் கேட்பார், பெருந்தன்மையோடு மன்னித்து ஆளுக்கொரு உரை ஆற்றலாம் என்று, குறிப்புத் தாள்களை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். அவருடைய வலது கை முதலில் காதைச் சொறிவதுபோலக் காது வரை போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நேராக, உச்சிவரை எழுந்து நின்றது.

“ஆதரவு ஒண்ணு” என்றார் சட்ட ஆலோசகர் பழக்கதோஷத்தில். “எதிர்ப்பு?”

காலி நாற்காலிகளின் வரிசை முழுவதையும் பார்த்தார்.

“தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.”

மேடை முழுவதும் கைதட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதே என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு கையாக நின்றது.

“சார், சார்! இன்னும் நன்றியுரை இருக்கு!” என்று அம்மையார் எழுந்தார். “யாருக்குச் சொல்றது?”

மூடி சார் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். தயங்கித் திரும்பினார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் வெளியே வந்து பனியில் வழுக்காமல் இருக்க ஒருவரை ஒருவர் பிடித்தபடி நடந்தார்கள். தெருமுனையில் அவர், “நல்லா உயர்த்தினேனா?” என்று கேட்டார்.

“பின்னாடி இருந்து பாத்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்” என்றாள் அவள். “பின்னாடி யாரும்தான் இல்ல.”

அதன் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நடக்க வேண்டிய நேரத்தில், வாசல் மணி அடித்தது. தலைவர் நின்றார். பின்னால் யாருமில்லை. பதாகையும் இல்லை. கோட்டின் தோளில் பனி இருந்தது.

“உள்ள வரலாமா?”

வந்தார். உட்காரச் சொன்னதும், மேடை இல்லாத இடத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் ஹீட்டரின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். மனைவி தேநீர் கொடுத்தாள். அவர் குடிக்காமல் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகை மெல்ல மெல்ல ஹீட்டரின் மேல் சாய்த்தார். அவருடைய கண் தானாக மூடியது.

“என்ன சார் விஷயம்?” என்று கேட்டார் மூடி சார், பேரவையில் திரும்பச் சேர்க்க வந்திருக்கிறாரோ என்ற பயத்தில்.

தலைவர் கண்ணைத் திறந்தார். “என் வீட்லயும் வரலை சார்.”

“என்ன வரலை?”

“சூடு. ரெண்டு வருஷமா வரலை. வீட்ல இருக்கிறவ ஊருக்குப் போனவ போனவதான்.” குவளைக்குள் பார்த்தபடி சொன்னார். “நான் தலைவர். நான் போய் யார்கிட்ட சார் புகார் குடுக்கிறது?”

மனைவிதான் எழுந்தாள். “கீழ் வீட்டுக்குப் போங்க அண்ணா. கதவைத் தட்டி, கையை நீட்டிக் காட்டுங்க. அவ்வளவுதான். மீதியை அந்தம்மா பாத்துக்குவாங்க.”

“பேச வேண்டாமா?”

“வேண்டாம்.”

தலைவர் எழுந்து கோட்டை நீவிவிட்டுக்கொண்டார். படியிறங்கினார். மூடி சாரும் மனைவியும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்தார்கள். கீழே கதவு தட்டும் ஓசை. திறக்கும் ஓசை. தலைவர் கையை நீட்டியிருக்க வேண்டும். “ச்சு, ச்சு” என்று அந்த அம்மாள் சொன்னது மேலே வரை கேட்டது.

“முடிஞ்சுது” என்றார் மூடி சார் நிம்மதியாக.

அப்போது தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. “மூன்றாம் மாடியில் வீற்றிருக்கும் அன்புத் தாயே! இந்த நன்னாளில்...” என்று தலைவரின் குரல் படிக்கட்டுச் சுவர்களில் மோதி மேலே ஏறி வந்தது. கீழே இன்னும் ஒன்றிரண்டு கதவுகள் திறந்தன. யாரோ படியேறி வந்து நின்றார்கள். பேச்சு நிற்கவில்லை.

மூடி சாரின் உள்ளங்கைகள் தாமாக ஒன்றையொன்று நெருங்கின. கால் ஒரு படி இறங்கப் பார்த்தது.

“பாவம், கேக்க ஆள் வேணுமேம்மா...”

“கதவைச் சாத்துங்க” என்றாள் மனைவி. “சூடு வெளிய போகுது.”

அவர் சாத்தினார்.